டர்பன்ல பெரியவங்களுக்குப் படிப்பு சொல்லிக் கொடுக்குற வேலைக்கு வரணும்னு நினைக்கிறவங்களுக்கு

தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல நம்ம இந்திய ஜனங்க அதிகமா இருக்குற சாட்ஸ்வர்த்துக்கு நான் கல்யாணமாகி வந்து 14 வருஷம் ஆச்சு, அதுல 11 வருஷமா பள்ளிக்கூடத்தை பாதியில விட்டவங்களுக்கும் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவங்களுக்கும் கணக்கு, இங்கிலீஷ், படிவம் நிரப்புறது இதெல்லாம் சொல்லிக் கொடுத்துட்டு வர்றேன். கோயில்ல பார்த்தாலும் சரி கல்யாண வீட்ல பார்த்தாலும் சரி யாராவது ஒரு பொண்ணு வந்து "அக்கா, நானும் டிகிரி முடிச்சிட்டு சும்மாதான் இருக்கேன், இந்த வேலைக்கு எப்படி வர்றது, ஏழைங்களுக்கு உண்மையிலேயே இதால ஏதாவது ஆகுதா"ன்னு கேக்குது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி முடியல, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். ஊர்ல இருந்து இங்க வந்தவங்களுக்கும் இங்கயே நாலு தலைமுறையா இருக்குறவங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுறேன், உங்களுக்கு எது பொருந்துதோ எடுத்துக்கோங்க.

படிக்க வர்றவங்களை நாங்க லேர்னர்னுதான் சொல்வோம், என்னோட முதல் லேர்னர் யாருன்னா என் வீட்டுக்காரரோட ஆயா. அவங்க கைநாட்டு. பென்ஷன் பேப்பர்ல கட்டைவிரல் வச்சிட்டு வீட்டுக்கு வந்து அந்த மையை புடவை தலைப்புல தேய்ச்சு தேய்ச்சு அழிப்பாங்க, போகாது, மறுபடி தேய்ப்பாங்க. ஒரு நாள் நான் பேர் எழுத சொல்லித் தரட்டுமா ஆயான்னு கேட்டேன், "இனிமே எதுக்கு கண்ணு"ன்னு சொன்னவங்க ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் சமையல்கட்டுல உட்கார்ந்து சீனி பாக்கெட் பின்னாடி எழுதிப் பார்த்துட்டு இருந்தாங்க. அன்னைக்கு நான் முடிவு பண்ணினதுதான் இந்த வேலை.

இங்க இந்த வேலைக்கு ஏன் இவ்வளவு தேவை இருக்குன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க. 1953ல அன்னைக்கு இருந்த நிறவெறி அரசாங்கம் பாண்டு எஜுகேஷன் சட்டம் கொண்டு வந்துச்சு, கறுப்பின பிள்ளைங்களுக்கு கூலி வேலைக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு படிப்பு போதும்னு கணக்குப் போட்டு வச்ச ஏற்பாடு அது. இந்தியப் பிள்ளைங்களுக்கும் தனி பள்ளிக்கூடம், போதாத இடம், அதுலயும் பொம்பளைப் பிள்ளைங்களை சீக்கிரமே நிறுத்தி தம்பி தங்கச்சியை பார்த்துக்க வீட்ல வச்சிடுவாங்க. அந்தப் பிள்ளைங்கதான் இன்னைக்கு 60, 70 வயசுல இருக்காங்க. 1996 அரசியல் சட்டத்துல 29வது பிரிவு எல்லாருக்கும் அடிப்படைக் கல்வி உரிமைன்னு சொல்லுது, அதுக்குள்ள பெரியவங்களோட அடிப்படைக் கல்வியையும் பேர் சொல்லி சேர்த்திருக்கு. 2008ல கா ரி குடேன்னு ஒரு பெரிய இயக்கம் ஆரம்பிச்சாங்க, வெண்டா மொழியில படிப்போம் வாங்கன்னு அர்த்தம், 47 லட்சம் பேருக்கு எழுத்து கொண்டு போறதுதான் இலக்கு. அந்த இயக்கம் முடிஞ்சு போச்சு, ஆனா தேவை முடியல. அதுவும் போக இப்ப வர்றதுல நிறைய பேர் கிழவங்க கிடையாது, கிரேடு 8, கிரேடு 9லயே பள்ளிக்கூடத்தை விட்ட 25 வயசு பசங்க.

இன்னொன்னும் சொல்லணும். இது நமக்கு சம்பந்தமில்லாத வேலைன்னு சிலர் நினைக்கிறாங்க. இன்னைக்கு டர்பன் யூனிவர்சிட்டி ஆஃப் டெக்னாலஜின்னு பெருசா நிக்குதே, அதுல ஒரு பாதி எம் எல் சுல்தான் டெக்னிக்கல் காலேஜ். அந்த காலேஜோட வேர் என்னன்னு பார்த்தா, வேலைக்குப் போற இந்தியர்களுக்கு கிராஸ் ஸ்ட்ரீட்டுல இருந்த இந்து தமிழ் இன்ஸ்டிட்யூட் மாதிரி இடங்கள்ல சாயங்காலம் நடந்த வகுப்புங்கதான். சுல்தானும் ஒப்பந்தக் கூலியா வந்து ரயில்வேல மூட்டை தூக்கினவர், பின்னால சம்பாதிச்ச பணத்தை அந்த காலேஜுக்கு அள்ளிக் கொடுத்தார். பகல் பூரா வேலை செஞ்சுட்டு ராத்திரி விளக்கு வெளிச்சத்துல படிச்ச ஜனங்க நாம, அதனால இன்னைக்கு கறுப்பின ஜனங்க இருக்குற உம்லாசியில இருந்து டாக்சி (இங்க அது பல பேர் சேர்ந்து போற வேன்) பிடிச்சு வந்து படிக்கிற ஒரு அம்மாவைப் பார்த்தா நமக்கு அந்நியமா தெரியக் கூடாது.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல்ல செய்ய வேண்டியது கோர்ஸ்ல சேர்றது இல்ல. ஒரு சென்டர்ல போய் மூணு மாசம் சும்மா உட்காருங்க. நம்ம ஜனங்க எதுக்கெடுத்தாலும் முதல்ல ஒரு சர்டிஃபிகேட் வாங்கிட்டு அப்புறம் யோசிப்பாங்க, நானும் அப்படித்தான் பண்ணி காசைத் தொலைச்சேன், அதை பின்னால சொல்றேன். ஆழம் தெரியாம காலை விட வேணாம். கம்யூனிட்டி லேர்னிங் சென்டர்னு சொல்ற இடங்கள் நிறைய சாதாரண பள்ளிக்கூட கட்டடத்துலயேதான் நடக்குது, பிள்ளைங்க வீட்டுக்குப் போனப்புறம் மத்தியானமோ சாயங்காலமோ திறப்பாங்க. அங்க இருக்குற மேனேஜர்கிட்ட போய் நான் உதவிக்கு வர்றேன், சம்பளம் வேணாம், நோட்டு எடுத்துக் கொடுக்குறேன், பின்னாடி உட்கார்ந்து திணறுறவங்களுக்கு பக்கத்துல இருந்து சொல்றேன்னு கேளுங்க. ஆள் பத்தாத இடங்கள்தான் அதிகம், பெரும்பாலும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க. டர்பன்ல 1966ல ஆரம்பிச்ச ஆபரேஷன் அப்கிரேட் மாதிரி இந்த எழுத்தறிவு வேலையில ஊறின அமைப்பும் இருக்கு, அவங்க வேலை எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க.

அந்த மூணு மாசத்துல பாடத்தை கவனிக்காதீங்க, ஆளுங்களை கவனிங்க. யார் லேட்டா வர்றாங்க, ஏன் லேட்டு, யார் எழுதுறப்ப நோட்டை கையால மறைச்சுக்கிறாங்க, யார் தலைவலின்னு சொல்லி சீக்கிரம் கிளம்புறாங்க. அந்த தலைவலியில பாதி கண்ணாடி இல்லாததால வர்றது! போர்டுல இருக்குறது தெரியுது, கையில இருக்குற பேப்பர் தெரியல, ஆனா அவங்க நினைச்சுக்கிறது எனக்கு மூளை இல்ல, வயசாயிடுச்சுன்னு. நான் ஃபார்மசியில விக்கிற ரெடிமேட் கண்ணாடி ஒன்னு, ஒன்னரை, ரெண்டு, ரெண்டரை பவர்ல நாலஞ்சு வாங்கி ஒரு பிஸ்கட் டப்பால போட்டு மேஜை மேல வச்சிருக்கேன், யாரையும் போட்டுக்கோங்கன்னு சொல்றதில்ல, டப்பா அங்க இருக்கும், அவங்களா எடுத்துக்குவாங்க. கண் டாக்டர்கிட்ட அனுப்ப வேண்டியவங்களை கிளினிக்குக்கு அனுப்புங்க, ஆனா அந்த டப்பா ஒரு வகுப்பையே காப்பாத்தும்.

அடுத்தது மொழி. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் மாதிரி நம்ம ஜனங்க இருக்குற பக்கம் இருந்தாலும் உங்க வகுப்புல உட்காருறவங்க பெரும்பாலும் ஜூலு பேசுறவங்களா இருப்பாங்க. ஜூலு தெரியாம வரவே கூடாதுன்னு சொல்லல, ஆனா கத்துக்க மனசில்லாம வராதீங்க. வணக்கம் சொல்ற விதம், வயசுக்கு ஏத்த மாதிரி கூப்பிடுற விதம் இது ரெண்டும் முதல் நாளே வேணும். வயசான அம்மாவை கோகோன்னு கூப்பிடணும், அப்பா வயசு ஆளை பாபான்னு, அம்மா வயசு பொம்பளையை மாமான்னு. நமக்கு மாமான்னா ஆம்பளை உறவு, அதனால ஆரம்பத்துல வாய் வராது, பழகிடும். பேர் சொல்லி மட்டும் கூப்பிட்டுடாதீங்க, தன் பிள்ளை வயசுல இருக்குற டீச்சர் பேர் சொல்லிக் கூப்பிட்டா அந்த ஆள் அடுத்த வாரம் வர மாட்டார்.

ஜூலுல ஃபுண்டான்னா வாசிக்கிறதும் அதுதான், கத்துக்கிறதும் அதுதான். நம்ம படிங்கிற வார்த்தை மாதிரியே ரெண்டுக்கும் ஒரே சொல். இதை நான் ஒரு வகுப்புல போர்டுல எழுதி சொன்னப்ப பின்னாடி இருந்த ஒரு கோகோ எந்திரிச்சு வந்து தமிழ்ல அதை எப்படி எழுதுவீங்க காட்டுன்னு கேட்டாங்க, எழுதிக் காட்டினேன், அவங்களும் தன் நோட்டு மேலட்டையில ப, டின்னு பார்த்து வரைஞ்சுகிட்டாங்க. எழுத்தே தெரியாதவங்களுக்கு முதல் எழுத்து அவங்க தாய்மொழியிலதான் வரணும், அதுல எனக்கு சந்தேகமே கிடையாது. அதனால எழுத்தே ஆரம்பிக்கிற லெவல் 1க்கு ஜூலு தாய்மொழியா இருக்குற ஃபெசிலிடேட்டர் (சொல்லிக் கொடுக்குறவங்க) எடுக்கட்டும், நீங்க கணக்கு, இங்கிலீஷ், கம்ப்யூட்டர், சின்ன வியாபாரம் இந்தப் பக்கம் வாங்க. கூட சேர்ந்து செய்யுங்க, அவங்க வேலையை பிடுங்காதீங்க.

இப்ப படிப்புத் தகுதி. இதை நிதானமா படிங்க, இங்கதான் நிறைய பேர் ஏமாறுறது.

இந்த நாட்டுல எல்லா தகுதியும் என்க்யூஎஃப்னு ஒரு ஏணியில உட்காரும், 1ல இருந்து 10 வரைக்கும் படி. நம்ம லேர்னருங்க படிக்கிற ஏஇடி, அதாவது பெரியவங்களுக்கான படிப்பு, லெவல் 1ல இருந்து 4 வரைக்கும் போகும், லெவல் 4 முடிச்சா அது என்க்யூஎஃப் 1, கிரேடு 9க்கு சமம். மெட்ரிக், அதாவது கிரேடு 12, என்க்யூஎஃப் 4. சொல்லிக் கொடுக்குற உங்களுக்கு மெட்ரிக்குக்கு மேல ஒரு தகுதி வேணும். பெரியவங்க கல்விக்குன்னே டிப்ளமா, அட்வான்ஸ்டு டிப்ளமா, பிஎட் எல்லாம் இருக்கு, எப்படி இருக்கணும்னு 2015ல அரசாங்கம் கொள்கையே போட்டுச்சு. வேலை, குழந்தை, வீடுன்னு இருக்குறவங்களுக்கு யூனிசாங்கிற யூனிவர்சிட்டி நல்லது, தபால் வழிப் படிப்புல பழம் தின்னு கொட்டை போட்ட இடம், பெரியவங்க கல்விக்கு தனித் துறையே வச்சிருக்காங்க. எந்த வருஷம் எந்த கோர்ஸுக்கு சேர்க்கை திறந்திருக்குன்னு அவங்க பட்டியல்லயே பார்த்துக்கோங்க, பக்கத்து வீட்டு அக்கா மூணு வருஷம் முன்னாடி சேர்ந்த கோர்ஸ் இப்ப இருக்கும்னு நம்பி இருக்காதீங்க.

தமிழ்நாட்டுலயோ இலங்கையிலயோ டிகிரி வாங்கினவங்க முதல் வேலையா சாக்வாங்கிற, தகுதிகளை மதிப்பிடுற அரசாங்க அமைப்புகிட்ட அனுப்பி மதிப்பீடு சர்டிஃபிகேட் வாங்குங்க. உங்க பிஏ, பிஎட் இங்க எந்தப் படியில உட்காரும்னு அவங்கதான் சொல்லணும், அது கையில இல்லாம எந்த விண்ணப்பமும் நகராது. மார்க் ஷீட் எல்லாம் ஒரிஜினல் கையில இருக்கணும், ஊர்ல அம்மா பீரோல பூட்டி வச்சிருந்தா இன்னைக்கே எடுத்து அனுப்பச் சொல்லுங்க.

நான் ஏமாந்த கதை இதுதான். புதுசுல டவுன்ல ஒரு தனியார் பயிற்சி இடத்துல ஃபெசிலிடேட்டர் கோர்ஸ், அசெசர் (படிச்சவங்களை மதிப்பிடுறவங்க) கோர்ஸ்னு ரெண்டுக்கும் காசு கட்டினேன், ஏசி ரூம், கலர் ஃபைல், முடிச்சதும் போட்டோ எடுத்து கையில பேப்பர் கொடுத்தாங்க. வேலைக்குப் போய் காட்டினா இந்த இடத்துக்கு இந்தக் கோர்ஸ் நடத்த அங்கீகாரமே இல்லன்னு சொல்லிட்டாங்க. வீட்ல சொல்லவே பயம், மாமியார் சீட்டுப் பணத்துல இருந்து கொடுத்த காசு அது. அதனால யார்கிட்ட காசு கட்டுறதா இருந்தாலும் ரெண்டு கேள்வி கேளுங்க: இந்தத் தகுதியோட சாக்வா ஐடி நம்பர் என்ன, இதை நடத்த உங்களுக்கு க்யூசிடிஓ (தொழில் கோர்ஸுக்கு அங்கீகாரம் கொடுக்குற அமைப்பு) அங்கீகாரக் கடிதம் இருக்கா. கடிதத்தை கண்ணால பாருங்க, தேதி பாருங்க, அப்புறம் நீங்களே அந்த ஆபீஸ்ல சரி பாருங்க. இன்னொரு விஷயம், சேட்டா (ஒவ்வொரு தொழில் துறைக்கும் இருக்குற பயிற்சி அமைப்பு) வழியா வந்த பழைய வகை தொழில் தகுதிகளுக்கு புதுசா ஆள் சேர்க்குறது 2024 ஜூன் 30 ஓட முடிஞ்சது, இன்னும் அதையே வித்துட்டு இருக்குறவங்ககிட்ட மாட்டிக்காதீங்க. ஈடிடிபி சேட்டான்னு கல்வி, பயிற்சித் துறைக்குன்னே ஒரு சேட்டா இருக்கு, அவங்க லேர்னர்ஷிப், அதாவது வேலையோட சேர்ந்த பயிற்சி, அறிவிச்சா விடாம போடுங்க, படிக்கிறப்பவே உதவித்தொகையும் வரும்.

பேப்பர் வேலை பத்தி சுருக்கமா. ஸ்பவுஸ் விசால இருக்குறவங்க வேலை செய்ய அந்த விசாலயே அனுமதி சேர்த்து வாங்கணும், அது இல்லாம சம்பளத்துக்கு உட்காராதீங்க. போலீஸ் கிளியரன்ஸ் எடுத்து வச்சுக்கோங்க. விளம்பரத்துல சேஸ் (ஆசிரியர்களைப் பதியுற கவுன்சில்) ரெஜிஸ்ட்ரேஷன் கேட்டிருந்தா அதுக்கும் அந்த கிளியரன்ஸ் வேணும், ரெண்டுக்கும் நேரம் ஆகும், விளம்பரம் வந்தப்புறம் ஓடினா கதவு சாத்திடும்.

வேலை எங்க இருக்கு? நாலு இடம். ஒன்னு அரசாங்கம். நான் வந்த புதுசுல இந்த சென்டர்கள் மாகாணத்துக்கு கீழ இருந்துச்சு, 2015 ஏப்ரல் 1ல மத்திய உயர்கல்வித் துறைக்கு மாத்திட்டாங்க, மாகாணத்துக்கு ஒன்னுன்னு 9 சிஇடி (சமூகக் கல்வி, பயிற்சி) காலேஜ், நமக்கு க்வாசூலு நடால் காலேஜ். இதுல நிறைய வேலை பகுதிநேரம், மணிக்கணக்குக்கு சம்பளம், ஒப்பந்தம் முடிஞ்சா மறுபடி கையெழுத்து. சம்பளம் தள்ளிப் போற மாசமும் எனக்கு வந்திருக்கு, மனசு உடைஞ்சு அழுதிருக்கேன். முதல் ரெண்டு வருஷம் இந்த ஒரு வருமானத்தை நம்பி வீட்டு வாடகை கட்டலாம்னு திட்டம் போடாதீங்க, வேற ஏதாவது கைவசம் வச்சுக்கோங்க, ட்யூஷனோ தையலோ. வெறுங்கை முழம் போடாது, உங்க வீட்ல அடுப்பெரியலன்னா இன்னொருத்தர் வறுமையைப் பத்தி யோசிக்க உங்களால முடியாது.

ரெண்டாவது கம்பெனிங்க. வருஷ சம்பளச் செலவு 5 லட்சம் ராண்டுக்கு மேல போற முதலாளி எல்லாம் அதுல 1 சதவீதம் ஸ்கில்ஸ் லெவின்னு தொழில் பயிற்சிக்கான வரி கட்டணும், தொழிலாளிங்களுக்கு பயிற்சி கொடுத்தா அதுல ஒரு பங்கு திரும்ப வரும். அதனால ஃபேக்டரி, ஹோட்டல், கரும்பு மில்லுல ஏஇடி வகுப்பு நடத்த ஆள் தேடுவாங்க. சம்பளம் இங்க கொஞ்சம் பரவாயில்ல. மூணாவது தொண்டு நிறுவனங்கள், பணம் வர்ற வரைக்கும் ஓடும். நாலாவது நம்ம கோயில் மண்டபம், சர்ச் ஹால், சங்கம். இதுல காசு கிடையாது, ஆனா நான் பார்த்த ரொம்ப நல்ல வகுப்புங்க சிலது கோயில் சமையல்கூடத்துலதான் நடந்துச்சு.

இப்ப முதல் வகுப்பு. நான் முதல் நாள் ஏ ஃபார் ஆப்பிள் சார்ட் மாட்டினேன், பிள்ளைங்க உட்காருற குட்டி நாற்காலி, முட்டி மார்புல இடிக்கிற மாதிரி பெரியவங்க உட்கார்ந்திருந்தாங்க. 19 பேர் வந்தாங்க, மறுவாரம் 7 பேர். தப்பு என் மேலதான்.

அப்புறம் நான் கத்துக்கிட்ட பாடம் ஒன்னு சொல்றேன், நீங்க அப்படியே செய்யலாம். எல்லாரையும் ஐடி புக்கோ கார்டோ எடுத்துட்டு வரச் சொல்லுங்க. அதுல 13 எண் இருக்கும். முதல் ஆறு எண்ணை மட்டும் எழுதச் சொல்லுங்க, ரெண்டு ரெண்டா பிரிக்கச் சொல்லுங்க: பிறந்த வருஷம், மாசம், நாள். அடுத்த நாலு எண் 5000க்கு கீழன்னா பொம்பளை, 5000மோ மேலயோ இருந்தா ஆம்பளை. அதுக்கு அடுத்த எண் 0ன்னா இந்த நாட்டு குடிமக்கள், 1ன்னா நிரந்தரமா தங்க அனுமதி வாங்கினவங்க. வீட்டு வேலை செய்யுற ஒரு மாமா, 58 வயசு, நம்பர் கேக்குற இடத்துல எல்லாம் கார்டையே நீட்டினவங்க, அன்னைக்கு விரல் வச்சு வச்சு ஆறு எண்ணைப் பிரிச்சாங்க. 66, 08, 14. ஆகஸ்ட்டான்னு என்கிட்ட கேட்டாங்க, ஆமான்னேன். கொஞ்ச நேரம் கார்டையே பார்த்துட்டு இருந்துட்டு, இவ்வளவு வருஷமா இது என் பையிலயே இருந்திருக்குன்னு ஜூலுல சொன்னாங்க, பக்கத்துல இருந்தவங்க எனக்கு மொழிபெயர்த்தாங்க. அடுத்த பாடம் அவங்களே கேட்டாங்க, மத்தவங்க ஐடியையும் பார்க்கணும்னு.

அதே மாதிரி கரண்ட் டோக்கன். ப்ரீபெய்டு மீட்டருக்கு 20 எண், நாலு நாலா படிச்சு அழுத்தணும், அதை பேரப்பிள்ளை வந்துதான் போடணும்னு இருட்டுல உட்கார்ந்திருக்குற கோகோங்க எத்தனையோ பேர். அப்புறம் சம்பளச் சீட்டு, எதுக்குப் பிடிச்சிருக்காங்கன்னு படிக்கத் தெரிஞ்சா அன்னைக்கே காசு மிச்சம். கிளினிக் அட்டை. கடன் பேப்பர், குறிப்பா வட்டி எழுதியிருக்குற அந்த லைன். பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே சொன்னதும் இதுதான், ஜனங்க வாழ்க்கையில கனமா இருக்குற வார்த்தையில இருந்து எழுத்தை ஆரம்பிங்கன்னு. 1970கள்ல இங்க நிறவெறியை எதிர்த்துப் போராடின ஸ்டீவ் பிக்கோவோட மாணவர் இயக்கத்துல அந்த முறையை கத்துக்கிட்டு சமூக வேலைக்குப் போனாங்க, அதனால இந்த மண்ணுக்கு அது புதுசு கிடையாது.

வகுப்பு நேரத்தை கடைசி டாக்சி நேரத்தை வச்சு போடுங்க, உங்க சௌகரியத்தை வச்சு இல்ல. மாசத்தோட முதல் வாரம் கிராண்ட்னு அரசாங்க உதவிப் பணம் வர்ற நாள்ல ஆள் குறையும், அன்னைக்கு புதுப் பாடம் எடுக்காதீங்க. டீயும் ரொட்டியும் இருந்தா நல்லது, வேலையில இருந்து நேரா வர்றவங்க பசியோட இருப்பாங்க. குழந்தையை தூக்கிட்டு வந்தா வரட்டும்.

வறுமை குறையுமான்னு கேட்டீங்களே. வெறும் எழுத்தறிவால வேலை கிடைச்சிடும்னு யாருக்கும் வாக்கு கொடுக்காதீங்க, இங்க மெட்ரிக் முடிச்ச பிள்ளைங்களே வேலை இல்லாம மாசம் 370 ராண்டு எஸ்ஆர்டிங்கிற அரசாங்க உதவிப் பணத்துக்கு காத்துட்டு இருந்ததை நான் பார்த்தேன். ஒரு படியில இருந்து அடுத்த படிக்கு கையைப் பிடிச்சு ஏத்தி விட்டாத்தான் காசா மாறும். லெவல் 4ல மொழி, கணக்கு கட்டாயம், அதோட விருப்பப் பாடமா குழந்தை வளர்ப்பு, சின்ன வியாபாரம், சுகாதார உதவி, விவசாயம்னு இருக்கு. ஆளைப் பார்த்து பாடம் தேர்ந்தெடுக்க உதவுங்க: வீட்ல நாலு பிள்ளைங்களை பார்த்துக்குற அம்மா குழந்தைப் பாடம் எடுத்தா க்ரெஷ் வேலைக்கு வழி, ரோட்டோரம் சோளம் சுட்டு விக்கிறவங்களுக்கு வியாபாரப் பாடம். லெவல் 4 தேர்வு ஜூன்லயும் நவம்பர்லயும் நடக்கும். அதை முடிச்ச 21 வயசு தாண்டினவங்க அமெண்டட் சீனியர் சர்டிஃபிகேட்டுக்கு போகலாம், பெரியவங்களுக்கான மெட்ரிக் அது, மே, ஜூன்ல தேர்வு. அதுக்குப் பதியுறதுக்கு கடைசித் தேதி ரொம்ப முன்னாடியே வந்துடும், நாள்காட்டியில சிவப்பு மையில வட்டம் போட்டு வகுப்புல மாட்டுங்க. நான் ஒரு வருஷம் அந்தத் தேதியை தவற விட்டேன், மூணு பேருக்கு ஒரு வருஷம் போச்சு, அதுல ஒருத்தர் திரும்ப வரவே இல்ல. அவர் பேர் இன்னும் என் ரெஜிஸ்டர்ல இருக்கு.

இந்த வாரம் ஆரம்பிக்கணும்னா இதை மட்டும் பண்ணுங்க. பக்கத்துல எந்த பள்ளிக்கூடத்துல சாயங்கால சென்டர் நடக்குதுன்னு வாட்ச்மேன்கிட்ட கேளுங்க, அவருக்குத் தெரியும். ரெண்டு மணிக்கு மேல போங்க, காலையில போனா யாரும் இருக்க மாட்டாங்க. கையில ஒரு நோட்டு, நாலு பென்சில், ஒரு ஷார்ப்னர் எடுத்துட்டுப் போங்க. பேனா வேணாம், அழிச்சு எழுத முடியுதுன்னாத்தான் பயப்படாம எழுதுவாங்க.